ஸ்டோரில் இருந்தது, கிரேனில் ஏறவில்லை

இரவு ஒன்பதே முக்காலுக்கு ஃபோன். "அண்ணா, 10 டன் கிரேன் நின்னுபோச்சுங்க. லேடில் மேலயே தொங்குது."

கோயம்புத்தூரை ஒட்டிய ஒரு ஃபவுண்டரியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். லேடில் என்றால் உருக்கிய இரும்பை எடுத்துப்போகும் பெரிய பாத்திரம். அன்று அதில் இருந்தது எஸ்ஜி அயர்ன், மெக்னீசியம் சேர்த்து உறுதியாக்கும் வார்ப்பிரும்பு. மெக்னீசியம் போட்ட பிறகு பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் மோல்டில் ஊற்றியாக வேண்டும். அதைத் தாண்டினால் மெக்னீசியம் மங்கிவிடும். ஊற்றினாலும் அது எஸ்ஜி ஆகாது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேரவே இருபது நிமிடம் ஆனது. ஆக, அந்த மெட்டல் போனது போனதுதான். கீழே நின்றவர்களை ஏற்கனவே ஒதுக்கிவிட்டார்கள், அது ஒரு நிம்மதி.

மேலே ஏறிப் பேனலைத் திறந்ததும் வாசனையே சொல்லிவிட்டது. ஹாய்ஸ்டை (லோடைத் தூக்கும் பகுதி) இறக்கும் பக்கம் ஓட்டும் காண்டாக்டரின், அதாவது காந்தத்தால் மூடும் சுவிட்சின், காயில் கருகியிருந்தது. பெரிய விஷயமே இல்லை, கால் மணி நேர வேலை. ஸ்டோர் தம்பியைக் கூப்பிட்டேன். "ரெஜிஸ்டர்ல ஒண்ணு இருக்குங்கண்ணா" என்றான். இருந்தது. அட்டைப் பெட்டிகூடப் பிரிக்காமல் புத்தம் புதிதாக இருந்தது. லேபிளில் 415 வோல்ட் என்று போட்டிருந்தது.

எங்கள் பேனல் 110 வோல்ட்டில் ஓடுகிறது. எட்டு வருடத்துக்கு முன் கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து மாற்றினோம். மாற்றியது நாங்கள்தான், ஸ்டோருக்குச் சொல்லாமல் விட்டதும் நாங்கள்தான். 415 வோல்ட் காயிலுக்கு 110 கொடுத்தால் காண்டாக்டர் இழுக்கவே இழுக்காது.

ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன் ஒரு யோசனை சொன்னார். கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி நேராக லைனிலிருந்து எடுத்துவிடலாம், இன்று ஒரு ராத்திரிக்குத்தானே என்றார். அப்படிச் செய்தால் ஆபரேட்டர் கையில் பிடித்திருக்கும் பெண்டன்ட் பட்டனில் 415 வோல்ட் ஓடும். வியர்த்த கை, தேய்ந்த கேபிள், ஃபவுண்டரித் தரை. வேண்டாம் என்றேன்.

அப்புறம்தான் உறைத்தது: இப்போதைக்கு லேடில் இறங்கினால் போதும், ஏற வேண்டியதில்லை. ஏற்றும் காண்டாக்டரும் இறக்கும் காண்டாக்டரும் ஒரே சைஸ். ஏற்றுவதன் காயிலைக் கழற்றி இறக்குவதில் போட்டோம். லேடிலை மெதுவாக இறக்கி, அதில் பாதி உறைந்திருந்த மெட்டலைப் பிக் மோல்டில் (மறுபடி உருக்குவதற்கான கட்டிகளின் அச்சு) கொட்டினோம். லேடில் உள்ளே படிந்து உறைந்ததை மறுநாள் உடைத்து எடுத்து, லைனிங்கைப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. ஃபர்னஸில் மிச்சம் இருந்த மெட்டலைக் காலை வரை குறைந்த பவரில் சூடாகவே வைத்திருந்தார்கள். கரண்ட் எவ்வளவு ஆனது என்று நான் கேட்கவில்லை.

காலையில் கடை திறந்ததும் சரியான காயில் வந்தது. விலை எழுநூறு ரூபாய்ச் சொச்சம்.

முதலாளி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஸ்டோர்ல என்னதாங்க இருக்குது?" கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

எங்களிடம் மூன்று கிரேன். மெல்டிங்கில் 10 டன், டபுள் கர்டர், ஸ்பான் 18 மீட்டர். லேடில் தூக்குவதால் ஹாய்ஸ்டில் இரண்டு திரஸ்டர் பிரேக் (எண்ணெய் அழுத்தத்தால் திறப்பவை). மோல்டிங் பக்கம் 5 டன், சிங்கிள் கர்டர், ஒயர் ரோப் ஹாய்ஸ்ட். டெஸ்பாட்சில் 3 டன். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, நேம் பிளேட் எங்கே போனதென்று தெரியாது. மூன்றும் மூன்று கம்பெனி, மூன்று வயது.

ஸ்டோர் ரெஜிஸ்டரில் கிரேன் ஸ்பேர் என்று 43 வரி இருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினோம். ரெஜிஸ்டரைப் பார்த்து அலமாரியை டிக் அடிப்பதை விட்டுவிட்டு, பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு கிரேனுக்கு மேலே போய் அது உட்காரும் இடத்தில் வைத்துப் பார்ப்பது என்று முடிவு. மெயின் ஐசொலேட்டரை ஆஃப் செய்து பூட்டுப் போட்டு, சாவியை என் பையில் வைத்துக்கொண்டு ஏறினோம். பொருத்தமான ஒவ்வொன்றையும், அது உட்காரும் இடத்தோடு சேர்த்து ஃபோனில் படம் எடுத்தோம்.

43-இல் 26 சரியாக இருந்தன. 4 அலமாரியிலேயே இல்லை. 6 பொருந்தவில்லை, காயில் அதில் ஒன்று. மிச்சம் 7 ஏற்கனவே கிரேனிலிருந்து கழற்றிய பழைய பொருள்கள். இந்த ஏழு பொருள்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஃபிட்டர்களுக்கு எதையும் தூக்கிப்போட மனசு வராது. புதிய கான்டாக்ட் மாற்றியதும் பழையதைத் துடைத்து, அதே பெட்டியில் போட்டு, "இன்னும் கொஞ்சம் ஓடும்" என்று அலமாரியில் வைத்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவனுக்குப் பெட்டி புதிது. இப்போது கழற்றியதன் மேல் அங்கேயே சிவப்பு பெயின்ட் ஒரு கோடு இழுத்துவிடுகிறோம். அதன் பிறகு அது ஸ்டோருக்குள் வராது.

பொருந்தாதவற்றில் என்னை அதிகம் உட்கார வைத்தது ஒரு பேரிங். 3 டன் கிரேனின் சிடி (கர்டர் மேல் குறுக்கே ஓடும்) சக்கரத்துக்கு 6211 என்று ஃபைலில் இருந்தது, ஸ்டோரிலும் நான்கு 6211 இருந்தன. மேலே கழற்றிப் பார்த்தால் உள்ளே 6212. எப்போதோ ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறது. லேத்தில் புதிதாக 60 மில்லியில் ஷாஃப்ட் போட்டு, ஹவுசிங்கையும் 100-லிருந்து 110-க்கு போர் அடித்துவிட்டார்கள். நல்ல வேலைதான், நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் யாரும் எங்கேயும் எழுதவில்லை. ஒரு ரிப்பேர் முடிந்ததும் அதோடு ஸ்பேரும் மாறிவிடுகிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது.

இருப்பதைச் சரி பார்த்தாயிற்று. இனி எதை வாங்குவது?

வழக்கமாக எது அடிக்கடி போகிறதோ அதைத்தான் வாங்கி வைப்போம். பெண்டன்ட்டின் பட்டன் பிளாக், டிஎஸ்எல் (கிரேனுக்குக் கரண்ட் தரும் நீள லைன்) கலெக்டர் கார்பன், ஃபியூஸ் எல்லாம் அப்படித்தான். அவற்றை வாங்குவதில் தப்பில்லை, சல்லிசானவை, இருக்கட்டும். ஆனால் அவை எந்தக் கடையிலும் மறுநாள் கிடைக்கும். நான் கேட்க ஆரம்பித்த கேள்வி வேறு: இந்தப் பொருள் போனால், அது வந்து சேரும் வரை ஆட்கள் என்ன செய்வார்கள்?

3 டன் கிரேனில் அதற்குப் பதில் கண் முன்னாலேயே இருந்தது. மேல் லிமிட் சுவிட்ச் வேலை செய்யவில்லை என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கண்டுபிடித்தோம். சுவிட்சில் ஒரு கோளாறு வந்து, ஸ்பேர் இல்லாமல், யாரோ டெர்மினலில் ஒரு துண்டு ஒயரைப் போட்டு ஷார்ட் செய்திருக்கிறார்கள். தற்காலிகமாகத்தான். ஒயரின் மேல் படிந்திருந்த மணலைப் பார்த்தால் தற்காலிகத்துக்கு இரண்டு வயதாவது இருக்கும். அந்த நிலையில் ஆபரேட்டர் ஒரு விநாடி கவனம் தப்பினால் ஹூக் பிளாக் மேலே போய் டிரம்மில் இடிக்கும், ரோப் அறும்.

லிமிட் சுவிட்ச் வருடக்கணக்கில் போகாது. அடிக்கடி போவதை மட்டும் வாங்கும் கணக்கில் அது பட்டியலுக்கே வராது. ஆனால் பட்டன் பிளாக் இல்லாவிட்டால் கிரேன் நிற்கும், லிமிட் சுவிட்ச் இல்லாவிட்டால் கிரேன் ஓடும். எனக்கு இரண்டாவதுதான் பயம். அதனால் லிமிட் சுவிட்ச், பிரேக் லைனர், பிரேக் காயில், எமர்ஜென்சி ஸ்டாப் ஆகியவற்றை விலையும் பார்க்காமல், எவ்வளவு நாளைக்கு ஒரு முறை போகும் என்றும் பார்க்காமல், முதலில் வாங்கினேன். 3 டன்னுக்கு லிமிட் சுவிட்ச் வந்த அன்றே மாட்டினோம். அந்த ஒயர்த் துண்டைக் கழற்றி என் டிராயரில் வைத்திருக்கிறேன்.

பிரேக்கில் ஒவ்வொரு கிரேனுக்கும் கதை வேறு. 10 டன்னில் திரஸ்டர் முழுதாக ஒன்று, லைனர் ரிவெட்டோடு இரண்டு செட், திரஸ்டருக்கு டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் ஐந்து லிட்டர். 5 டன் ஹாய்ஸ்டில் டிசி டிஸ்க் பிரேக். அங்கே காயில் போவதைவிட ரெக்டிஃபையர் போவதுதான் அதிகம். கட்டைவிரல் அளவுப் பொருள், 415 ஏசியை அரை அலையில் வெட்டிச் சுமார் 187 வோல்ட் டிசி ஆக்கித் தரும். அது போனால் பிரேக் திறக்காது. ஆபரேட்டர் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் மோட்டார் பிரேக்கோடு மல்லுக்கட்டும். வாங்கும்போது வோல்ட் மட்டும் பார்த்தால் போதாது, அரை அலையா முழு அலையா என்றும் பார்க்க வேண்டும். 230-ஐ முழு அலையில் மாற்றினால் சுமார் 207 வரும். ரெக்டிஃபையரும் காயிலும் ஜோடி, தனித்தனியாக வாங்கக் கூடாது.

ரோப் வாங்கியதில் நானே ஏமாந்திருப்பேன். 5 டன்னுக்கு 12 மில்லி, ஸ்டீல் கோர், 30 மீட்டர். ஃபவுண்டரிச் சூட்டுக்கு நார்க் கோர் ஆகாது, அது தெரியும். கடைக்காரர் விலை சொன்னார், ஆர்டர் எழுதப் போனேன். பக்கத்தில் இருந்த, ரோப் கட்டிப் பாரம் தூக்கும் வேலை செய்யும் மூத்த ரிக்கர் ஒருவர், "எந்தக் கை முறுக்குங்க?" என்றார். விழித்தேன். டிரம்மில் பள்ளம் வலது கைத் திருகாக ஓடினால் ரோப் இடது கை முறுக்காக இருக்க வேண்டும், பள்ளம் இடது என்றால் முறுக்கு வலது. மாற்றிப் போட்டால் சுற்றச் சுற்ற ரோப்பின் முறுக்கு கலையும், ஹூக் பிளாக் திரும்பும். கடைகளில் கேட்காமல் கொடுப்பது வலது கை முறுக்கு. எங்கள் 5 டன் டிரம்மில் பள்ளமும் வலது. ஆலைக்குத் திரும்பி, பழைய ரோப்பைத் துடைத்துப் பார்த்தேன்: இடது கை முறுக்குதான். எனக்கு முன்னால் இருந்த யாரோ விவரமானவர். இடது முறுக்குக்குச் சொல்லிவைத்துப் பத்து நாள் காத்திருந்தோம். அந்தப் பத்து நாள்தான் அதை ஸ்டாக் வைக்கக் காரணம்.

ரோப்பை ஸ்டோர் தரையில் போட்டு வைத்திருந்தார்கள். இப்போது மரச் சட்டத்தின் மேல், எண்ணெய் தடவி, மூச்சு விடும்படி சாக்கு மூடி இருக்கிறது. வெட்டும் இடத்தின் இரு பக்கமும் பைண்டிங் ஒயர் சுற்றிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். சுருளைத் தரையில் உருட்டி விரிக்க வேண்டும், பக்கவாட்டில் உருவினால் முடிச்சு விழும், விழுந்த இடம் போச்சு.

அதே ஹாய்ஸ்டின் ரோப் கைடு ஒன்று வாங்கினேன், ரோப்பை டிரம் பள்ளத்தில் வரிசையாக உட்காரவைப்பது அதுதான். தயாரித்த கம்பெனியிடமிருந்துதான் வர வேண்டும், ஐந்து வாரம் என்றார்கள். ரோப் கைடு ஏன் உடைகிறது என்றால், மோல்டிங் பாக்ஸைத் தூக்குவதற்குப் பதில் ஆட்கள் குறுக்காக இழுக்கிறார்கள். இதை நூறு தடவை சொல்லியாயிற்று. ஸ்பேர் வாங்கி வைத்திருப்பது தெரிந்தால் இன்னும் இழுப்பார்கள் என்பதால் அந்தப் பெட்டி மட்டும் என் அறையில் இருக்கிறது.

பணம் பற்றிப் பேசும் இடத்தில் விஎஃப்டி, அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ், வந்து நின்றது. 10 டன் ஹாய்ஸ்டில் 15 கிலோவாட் டிரைவ். முதலாளி விலையைப் பார்த்தார். "இவ்வளவு பணத்த அலமாரியில தூங்க வெக்கச் சொல்றீங்களா?" நியாயமான கேள்விதான். டிரைவைச் சும்மா வைத்திருப்பதும் நல்லதல்ல. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் கரண்ட் பார்க்காமல் கிடந்தால் கெட்டுப்போகும். வருடத்துக்கு ஒரு தடவையாவது சப்ளை கொடுத்து உசுப்ப வேண்டும்.

யோசித்துப் பார்த்ததில், மோல்டுக்கு மணல் தயாரிக்கும் சாண்ட் பிளான்ட்டில் அதே மேக், அதே 15 கிலோவாட் டிரைவ் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சாண்ட் பிளான்ட் அரை நாள் நிற்கலாம், லேடில் கிரேன் நிற்கக் கூடாது. ஆக அதையே ஸ்பேர் என்று வைத்துக்கொள்வோம், பாராமீட்டர் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி வைப்போம் என்று முடிவு செய்தோம். ஹாய்ஸ்டில் பாராமீட்டர் சாதாரண விஷயமில்லை. மோட்டாரில் டார்க் ஏறிய பிறகுதான் பிரேக் திறக்க வேண்டும். அந்த வரிசை தப்பினால் பட்டனைத் தொட்டதும் லோடு ஒரு சாண் கீழே விழுந்து நிற்கும்.

காகிதத்தில் எழுதிவிட்டு விட்டிருந்தால் மறுபடியும் அந்த 415 வோல்ட் காயில் கதைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே மாற்றிப் பார்ப்போம் என்று கழற்றப் போனோம். இரண்டு நேம் பிளேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது மாடல் நம்பரின் கடைசி எழுத்து ஒன்று வேறாக இருந்தது. மேனுவலைப் புரட்டினால், சாண்ட் பிளான்ட் டிரைவில் பிரேக்கிங் சாப்பர் கிடையாது. ஹாய்ஸ்டில் லோடு இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, கரண்டைத் திருப்பி அனுப்பும். அதைச் சாப்பர் வாங்கி ரெசிஸ்டரில் எரிக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இறக்க ஆரம்பித்ததும் ஓவர் வோல்டேஜில் டிரிப். வெளியில் மாட்டும் பிரேக்கிங் யூனிட் தனியாக வாங்கினோம், புது டிரைவ் விலையில் சிறு பங்குதான். பிறகு மாற்றி, முதலில் லோடு இல்லாமல், பின்பு இரண்டு டன், பிறகு முழு லோடு என்று ஓட்டிப் பார்த்தோம். முதல் தடவை இரண்டரை மணி நேரம் பிடித்தது.

வாங்காதவையும் உண்டு. மோட்டார் வாங்கவில்லை, கோயம்புத்தூரில் இருந்துகொண்டு ரீவைண்டிங்குக்குக் கவலைப்படக் கூடாது. எல்டி சக்கரம், அதாவது கிரேனே ரெயிலில் நீளவாக்கில் ஓடும் சக்கரம், வாங்கவில்லை. சக்கரம் ஒரே நாளில் போகாது, ஃபிளாஞ்ச் தேய்வது மாதக்கணக்கில் கண்ணுக்குத் தெரியும், அளந்துகொண்டே வந்தால் ஆர்டர் கொடுக்க நேரம் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் சக்கரத்துக்குப் பணம் கட்டும் முன் ரெயில் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது மேல். கியர்பாக்ஸ் பினியனும் வாங்கவில்லை. ஆனால் ஆயில் மாற்ற மூடியைத் திறந்தபோது பல் எண்ணிக்கை, மாட்யூல், ஷாஃப்ட் அளவு, சாவிக் காடி அளவு எல்லாவற்றையும் எடுத்து டிராயிங் போட்டுவிட்டோம். பினியன் உடைந்த அன்றைக்கு, உடைந்த துண்டை வைத்து அளவு எடுக்கிற பாடு இருக்கிறதே, அதை ஒரு தடவை பட்டிருக்கிறேன்.

ஸ்டோரிலும் சில கண்றாவிகள். ஆயில் சீல் எல்லாம் ஆணியில் மாலை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன, பார்க்க அழகு. ஆணி அழுத்திய இடத்தில் லிப் வளைந்திருந்தது. மாட்டினால் முதல் நாளே எண்ணெய் கசியும். பேரிங் ராக் கம்ப்ரசர் அறைச் சுவரை ஒட்டி இருந்தது. சுழலாமல் உட்கார்ந்திருக்கும் பேரிங்குக்கு ஓயாத அதிர்வு ஆகாது. உருளைகள் ஒரே இடத்தில் தட்டித் தட்டிப் பாதையில் தடம் பதித்துவிடும். ராக்கை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம், பேரிங்குகளைப் படுக்கவைத்து, கம்பெனிக் காகிதத்தைப் பிரிக்காமல்.

ஒவ்வொரு பொருளிலும் இப்போது ஒரு டேக் தொங்குகிறது. எந்தக் கிரேன், எந்த இடம், என்றைக்கு வைத்துப் பார்த்தோம் என்று மூன்று விஷயம் மட்டும். கிரேனைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை தகுதியுள்ளவரை வைத்து முழுதாகச் சோதிக்கிறோம். அதற்கு எப்படியும் கிரேனை நிறுத்துகிறோம். அதே நாளில் ஸ்பேர்களையும் மேலே கொண்டுபோய் வைத்துப் பார்க்கிறோம். ரிப்பேரில் எதையாவது மாற்றியிருந்தால் அன்றைக்காவது தெரிந்துவிடும்.

போன மாதம் 5 டன்னில் ரெக்டிஃபையர் போனது. ராத்திரி ஷிஃப்ட் ஆட்களே நாற்பது நிமிடத்தில் மாற்றிவிட்டார்கள், எனக்கு ஃபோன்கூட வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்று வாரம் கழித்து வேறு எதற்கோ அந்த அலமாரியைத் திறந்தால், ரெக்டிஃபையர் பெட்டி காலி, டேக் மட்டும் உள்ளே கிடந்தது. யாரும் எழுதவில்லை, யாரும் வாங்கவில்லை. மூன்று வாரமாக ஸ்பேர் இல்லாமல் ஓடியிருக்கிறோம்.

அதற்கப்புறம் ஒரு மாற்றம். பொருளை எடுப்பவர் டேக்கை அவிழ்த்து என் மேசையில் போட வேண்டும், ரெஜிஸ்டரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்று காலை மேசையில் இரண்டு டேக் கிடந்தன. ஒன்று 10 டன், பெண்டன்ட் பட்டன் பிளாக். இன்னொன்றில் கிரீஸ் பட்டு எழுத்து அழிந்துவிட்டது. மதியம் இரண்டு மணிக்கு, ராத்திரி ஷிஃப்ட் ஃபிட்டர் தூங்கி எழுந்ததும் கேட்க வேண்டும்.